அடிஷம் மடமும் நம்ம கதையும்

(மாதர் சங்கச் சுற்றுலாவுக்கு முன் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாம் போகப்போவது அப்புத்தளைக்குப் பக்கத்தில், தங்கமலைக் காட்டோரத்தில் இருக்கிற அடிஷம் மடத்துக்கு. வெளியே இருந்து பார்த்தால் சீமைக் கோட்டை மாதிரி இருக்கும். அதன் கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் போன பயணத்துக்குப் பலன்.

இதைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் அடிஷம் என்ற ஊர் அவர் பிறந்த ஊர். 1887ஆம் ஆண்டு தோட்ட வேலை பழக இலங்கைக்கு வந்தார். அப்போது கையில் இருந்தது பத்துப் பவுண் என்று சொல்வார்கள். பிறகு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனிக்குத் தலைவரானார், சட்ட நிருபண சபையிலும் இருந்தார். 1931இல் இந்த மாளிகையைக் கட்டி முடித்து, தான் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். கதவு ஜன்னலுக்கெல்லாம் பர்மாத் தேக்கு.

1949இல் அவர் சீமைக்குத் திரும்பினார். மாளிகை வேறு கம்பெனிக்குக் கைமாறியது. 1961இல் கண்டி அம்பிட்டியாவில் இருந்த கத்தோலிக்கத் துறவிகள் அதை வாங்கி, புனித ஆசீர்வாதப்பர் மடமாக ஆக்கினார்கள். இந்தச் சபைத் துறவிகளுக்குச் செபம் எப்படியோ, உழைப்பும் அப்படியே. ஒரு துரை வாழ்ந்த இடத்தில் இப்போது சாமிமார் பழமரம் வளர்க்கிறார்கள். அந்தப் பழத்தில் ஜாம், ஜெலி, கோடியல் செய்து விற்கிறார்கள். மண்ணைச் சும்மா விடுவதில்லை. நம்ம லயத்துக் கோடியில் உள்ள துண்டு நிலத்தில் ஒரு கொய்யாக் கன்று, நாலு பாத்தி கீரை போட முடியாதா? பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அது உதவும்தானே.

இன்னொரு விசயம். துரை எந்த ஊரில் பிறந்தார், எந்த வருசம் வந்தார், எந்த வருசம் போனார், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அவருக்கு அந்தச் செல்வத்தைக் கொடுத்தது தேயிலை. அந்தக் கொழுந்தைப் பறித்த நம்ம பாட்டி, பூட்டி பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இது சும்மா மனக்குறை இல்லை. துரை கப்பலேறியதற்கு முந்தின வருசம், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தவர், பாட்டன் இங்கே பிறந்தவர் என்று கடதாசி காட்டச் சொன்னார்கள். பரம்பரையாக மலையில் உழைத்த சனத்திடம் கடதாசி ஏது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். கடைசி ஆட்களுக்கும் வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் போனதற்கு நம்ம சனம் கொடுத்த விலை ஐம்பது வருசத்துக்கு மேல்!

ஆகவே இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறோம். பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லாதவர்கள், பெயரில் எழுத்துப் பிழை உள்ளவர்கள் வெட்கப்படாமல் எங்களிடம் வாருங்கள், திருத்த வழி பார்ப்போம். அடுத்தது, வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்கள் எந்த ஊரில் இருந்து வந்த குடும்பம், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள் என்று கேட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

மடத்தில் சத்தம் போடாமல், பூவும் பழமும் பறிக்காமல் நடந்துகொள்வோம். அங்கே துறவிகள் வாழ்கிறார்கள். பெரிய வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்கவும் வேண்டாம், தலை குனியவும் வேண்டாம். அந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு என்ற நினைப்போடு நிமிர்ந்து பார்த்துவிட்டு வருவோம்.