கடைசியில் வருகிற வண்டி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளுக்கு முன்னால் நான் ஒரு சிறுவனிடமிருந்து கைப்பேசியைப் பறித்து வைத்துக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம் என்றார்கள். கோவில்பட்டிக்கும் இடைசெவலுக்கும் இடையில் ஏதோ ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் எட்டாம் வகுப்பு. நம் பீடச்சிறுவன். ஞாயிறு காலைத் திருப்பலியில் மணியடிக்க வேண்டிய நேரத்தில் முழங்காலில் நின்றபடியே தூங்கிவிழுகிறான். இரண்டு ஞாயிறு பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு அவன் அம்மாவே வந்துவிட்டார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அம்மா. அப்பா துபாயில் டிரெய்லர் ஓட்டுகிறார்.

"சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க சாமி. ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல போனைத் தூக்கிட்டுத் திண்ணைக்குப் போயிருதான். வண்டி ஓட்டுத விளையாட்டாம். என் பேச்சைக் கேக்க மாட்டேங்கான்."

எனக்குக் கோபம் வந்தது. அன்று மறையுரையிலும் பெயர் சொல்லாமல் அவனைத்தான் குத்திப் பேசினேன். பூசை முடிந்ததும் போனைக் கொண்டுவரச் சொல்லி, வாங்கி, சாக்கிறீஸ்தில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். "ஒரு மாதம் கழித்து வந்து கேள்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மேய்ப்பனாக நடந்துகொண்டதாக எனக்கு ஒரு திருப்தி.

ஆறாம் நாள் இரவு பங்கு இல்லத் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு எண். அந்தப் பையனின் அப்பா.

"தோத்திரம் சாமி. வீட்டுல எல்லாரும் உயிரோட இருக்காங்களா சாமி?"

நான் திகைத்துப்போனேன். அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரே போன்தான். அது எனக்குத் தோன்றவேயில்லை. ஆறு நாளாகக் கணவன் அனுப்பிய குரல்பதிவு ஒன்றையும் மனைவி கேட்கவில்லை. இங்கிருந்தும் ஒன்றும் போகவில்லை. 'சாமி வாங்கி வைத்திருக்கிறாரே, எப்படிக் கேட்பது' என்று அந்த அம்மா வாய்மூடி இருந்திருக்கிறார். அவரோ விபத்தா, காய்ச்சலா என்று தவித்து, நம் பங்கு மடலின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணை யாரிடமோ கேட்டு வாங்கி அழைத்திருக்கிறார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "ராத்திரி அவன் கூட ஓட்டுறது நான்தான் சாமி."

அன்புக்குரியவர்களே, அந்த நாட்டில் வாட்ஸப்பில் எழுதலாம், குரல்பதிவு அனுப்பலாம். ஆனால் நாம் இங்கே பேசிக்கொள்வதுபோல வாட்ஸப் அழைப்பில் பேச முடியாது. அதற்கு விடுவதில்லை. வேறு வழி தேடவேண்டும். அப்படியே பேசினாலும் என்ன பேச்சு? அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சாப்பிட்டியாம்பேன், சாப்பிட்டேம்பான். படிக்கியாம்பேன், படிக்கேம்பான். அதோட தீந்துச்சு சாமி. அவனுக்கு நாலு வயசுல நான் இங்க வந்தேன். இந்த விளையாட்டு வந்த பெறகுதான் எங்களுக்குள்ள ஒரு இது." அவர் வேலை முடிந்து தங்குமிடம் வரும்போது அங்கே இரவு பத்து. நமக்குப் பதினொன்றரை. அவ்வளவுதான் அந்த நடுராத்திரி ரகசியம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பையனை வரச்சொன்னேன். போனைக் கொடுத்தேன். சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அது உயிர் பெறும்வரை காத்திருந்த நேரத்தில், "என்னதான் விளையாட்டு அது, எனக்குக் காட்டு" என்றேன்.

மாரியோ கார்ட் என்று பெயர். ஜப்பானில் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனி தயாரித்தது. அந்தக் கம்பெனி 1889-இல் தொடங்கியபோது செய்தது சீட்டுக்கட்டு! அதை அவனிடம் சொன்னேன், அவன் கண்டுகொள்ளவில்லை. மீசை வைத்த குழாய் ரிப்பேர்காரர் ஒருவர், இளவரசி, குரங்கு, ஆமை என்று ஆளாளுக்கு ஒரு குட்டி வண்டியில் உட்கார்ந்து பந்தயம் விடுகிறார்கள். 1992-இல் முதன்முதலாக வந்தபோது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதற்காகவே ஒரே திரையை இரண்டாகப் பிரித்துச் செய்தார்களாம். 2005-இல் இணையம் வழியாக ஆடும் வசதி வந்தது. 2019-இல் கைப்பேசிக்கு வந்தது. அடுத்த ஆண்டு கைப்பேசியிலும் மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டலாம் என்றானது. எட்டு வண்டி வரை. பக்கத்தில் உட்காரவேண்டிய ஆள் கடலுக்கு அப்பால் இருந்தாலும் சரி.

நம் கரிசல்காட்டுக்குப் பந்தயம் ஒன்றும் புதிதில்லை. நுங்கு தின்ற கூந்தலில் குச்சி செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு நாமும் ஓடியவர்கள்தாம். கோயில் கொடைகளில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டுவண்டிகள் பறப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். (பூஞ்சிட்டுப் பந்தயத்தில் எனக்கு இன்றும் ஆசை உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் 'கதவு' என்று ஒரு கதை எழுதினார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு அதையே பஸ்ஸாக்கி ஓட்டுவார்கள். அப்பன் கூலிவேலைக்கு வெளியூர் போயிருப்பான். தீர்வைப் பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கதையைச் செமினரியில் படிக்கிற காலத்தில் வாசித்து அழுதவன் நான். பீரோவைப் பூட்டிய கையும் இதே கைதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். போகும் வழியில் பெட்டிகள் மிதக்கின்றன. அதன்மேல் வண்டியை ஏற்றினால் ஏதாவது கிடைக்கும். யாருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

"முதல்ல போறவனுக்கு வாழைப்பழத் தோலு, அப்படித்தான் சாமி வரும். கடைசியில வாறவனுக்குத்தான் மின்னலு, பீரங்கிக் குண்டு எல்லாம். குண்டு கிடைச்சா அதுவே நம்மளைத் தூக்கிட்டுப் போயிரும். மின்னல் அடிச்சா மத்த எல்லாரும் சுண்டெலி மாதிரி சின்னதாயிருவாங்க."

"இது நியாயமாடா? நன்றாக ஓட்டுகிறவனுக்குத் தோல், ஓட்டத் தெரியாதவனுக்கு மின்னலா?"

"இல்லன்னா எங்கப்பா எப்படி சாமி என்கூட வர முடியும்?"

சகோதர சகோதரிகளே, மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டத்தை நான் முப்பது வருடமாகப் பீடத்தில் நின்று விளக்கியிருக்கிறேன். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். நம் பக்கத்துச் சம்சாரி யாராவது பருத்தி எடுக்க வந்தவர்களுக்கு இப்படிக் கூலி கொடுத்தால், மறுநாள் அவர் காட்டுக்குக் காலையில் யார் வருவார் என்று ஒரு பாட்டி என்னிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார். இறையியல் படித்த நான் கொடுத்த பதில் அவருக்கு ஒட்டவில்லை. இந்தப் பையன் கேட்ட கேள்வி எனக்கு ஒட்டியது. அந்தத் தோட்டக்காரர் திறமைக்குப் பரிசு கொடுக்கக் கிளம்பியவர் அல்ல. சந்தை வெளியில், யாரும் கூப்பிடாததால் சும்மா நின்றவனும் இரவு தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருடைய கணக்கு அது.

ஆனால் இந்த விளையாட்டில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. நீல நிறத்தில் முள்வைத்த ஆமை ஓடு ஒன்று உண்டு. 1996-இல் வந்த பதிப்பில் சேர்த்தார்கள். பின்னால் வருகிறவன் அதை விட்டால், அது முதலில் போகிறவனைத் தேடிப்போய் அடிக்கும். சிறுவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஆண்டவர் அப்படி முன்னால் போகிறவன்மேல் எதையும் எறிகிறவர் அல்லர். காலையில் வந்தவனுடைய தெனாரியத்தில் ஒரு காசும் அவர் குறைக்கவில்லை. கடைசியானவனைத் தூக்கிவிடுவது வேறு, முதலில் போகிறவனைக் கவிழ்ப்பது வேறு. நம் ஊரில் இரண்டாவது நிறைய நடக்கிறது.

அதன்பின் அவன் ஒன்றைக் காட்டினான். கைப்பேசியில் ஆடும் இந்தப் பந்தயத்தில் வண்டி தானாகவே முன்னால் ஓடும். விரலால் இழுத்து இடம் வலம் திருப்பலாம், அவ்வளவுதான். பிரேக் கிடையாது. அப்பாவோ டிரெய்லர் ஓட்டி ஓட்டி அந்தப் பெரிய கை விரலால் வளைவுகளில் எல்லாம் சுவரில் முட்டுகிறவர். குண்டு கிடைத்தும் பின்தங்கிவிடுவார். "அப்ப என்ன செய்வே?" என்றேன்.

"பாதையை விட்டு மண்ணுக்குள்ள இறக்கிருவேன் சாமி. மண்ணுல வண்டி மெதுவாப் போகும். எங்கப்பா பக்கத்துல வந்ததும் ஏத்திருவேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சறுக்கிட்டேன்னு நினைச்சிக்கிடுவாரு."

நான் வேறொன்றும் கேட்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, 'சாமியே விளையாடச் சொல்லிவிட்டார்' என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லவேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருப்பது பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஆகாது. அந்த அம்மா பட்ட பயம் பொய்யில்லை. இன்னொன்று, காசு. இதே விளையாட்டில் முன்பு பச்சைக் குழாய் ஒன்று இருந்தது. காசு கொடுத்து மாணிக்கக் கல் வாங்கி அந்தக் குழாயைச் சுடவேண்டும். உள்ளிருந்து எந்த வண்டி வரும், எந்த ஆள் வருவார் என்று தெரியாது. லாட்டரிச் சீட்டுக் கிழிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்டனம் பலமாக எழுந்தபின் 2022-இல்தான் அதை எடுத்தார்கள். இன்றும் காசு கொடுத்து வாங்குவதற்கு உள்ளே கடை இருக்கிறது. வீட்டுப் போனில் பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்திருக்கக் கூடாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளால் நம் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்த வண்டிப் பந்தயம் அந்த வகை அல்ல. ஆனாலும் பெற்றோர் எது என்ன வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமலே திட்டுவது எளிது. அதை நானே செய்து காட்டிவிட்டேன்.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2006-இல், பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர். அவருக்கும் வீடியோ விளையாட்டு பிடிக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டாராம். இதைப் பையனிடம் சொன்னேன். "வாரத்துக்கு ஒரு மணியா!" என்று முகம் சுருங்கினான். பிறகு, "எங்கப்பாவுக்கு லீவு நாள்ல பகல்லயே ஓட்டலாமா சாமி?" என்றான். அப்பாவிடம் பேசினோம். சரி என்றார். வார விடுமுறை நாளில் சாயங்காலம் ஒரு மணி நேரம். மற்ற நாள் குரல்பதிவு மட்டும்.

இதில் பேசாமலேயே இருந்தது அந்த அம்மாதான். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அது பரவாயில்ல சாமி" என்றார். கொஞ்சம் கழித்து, தீப்பெட்டி மருந்து படிந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவுக ரெண்டு பேரும் விளையாடிச் சிரிக்காக. எனக்கு மட்டும் கரண்டு பில்லு, பள்ளிக்கூடத்து ஃபீஸு, தண்ணி வரலங்கிற பேச்சு. நானும் திட்டுதவளாவே இருந்துட்டேன்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. செபித்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு மறைக்கல்வி முடிந்து பையன் ஓடிவந்தான். பக்கத்து வீட்டு அக்காவின் போனை வாங்கி அம்மாவையும் பந்தயத்தில் சேர்த்துவிட்டார்களாம். அம்மா கிளம்பிய இடத்திலேயே சுவரில் முட்டிக்கொண்டு நின்றாராம். இவனும் மண்ணில் இறக்கி, அப்பாவும் மண்ணில் இறக்கி, இருவரும் காத்துக் கிடந்தார்களாம்.

"அப்புறம் என்னடா ஆச்சு?"

"கடைசியில வந்ததால அம்மாவுக்கு மின்னல் கிடைச்சிட்டு சாமி. என்னன்னு தெரியாம அமுக்கிட்டாங்க. நானும் எங்கப்பாவும் சுண்டெலியாயிட்டோம். அம்மா எங்க ரெண்டு பேர் மேலயும் வண்டியை ஏத்திட்டுப் போயிட்டாங்க!"