வயது வந்த பிள்ளைகளை இழுத்து வருவது சங்கத்தின் வேலையா?

(சங்கத்தின் மும்பைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரேஷன் அட்டைக்கும் கூலி பாக்கிக்கும் சங்கத்தைத் தேடி வருகிறீர்கள், வரவேண்டியதுதான். ஆனால், "பெண் ஓடிப்போய்விட்டாள், நாலு பேரை அனுப்பி இழுத்து வாருங்கள்" என்றும் வருகிறீர்கள். சில வீடுகளில் பையன் இன்னொரு ஆணோடு போயிருப்பான். அவனையும் அடித்து இழுத்துவரச் சொல்கிறீர்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

படுக்கையறை விவகாரத்துக்குச் சங்க மேடை எதற்கு என்று கேட்கலாம். அந்த அறைக்குள் போலீசை அனுப்பியதே அரசாங்கம்தான். 1860-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயது வந்த இரண்டு ஆண்கள் மனமொத்துச் சேர்ந்தாலும் ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்தது. பங்களாக்காரனுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு, வக்கீலும் உண்டு. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் தொழிலாளிக்கு என்ன உண்டு? அவனை மிரட்டிப் பணம் பறிக்க இந்தப் பிரிவு கைகொடுத்தது.

இதை எதிர்த்து முதலில் வழக்காடியவை சிறு அமைப்புகள். திகார் சிறைக் கைதிகளுக்கு ஆணுறை தர அதிகாரிகள் மறுத்தபோது, எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் பாடுபட்ட ஒரு குழு 1994-இல் டில்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2001-இல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்த நால்வரை நாற்பது நாளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். அதே ஆண்டு நாஸ் பவுண்டேஷன் வழக்குத் தொடுத்தது. 2009-இல் டில்லியில் வென்றார்கள், 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள், சோர்ந்து உட்காரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, மனமொத்த உறவு குற்றமில்லை என்றார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

சட்டம் போயிற்று, வீட்டுக்குள் அடி போகவில்லை. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். தொண்டு அமைப்புகள் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தன. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாமே புரிந்துகொள்ள ஓர் உளவியல் நிபுணரிடம் சென்று கேட்டறிந்தார். பிறகு 2021-இல், இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது, மருத்துவம் என்ற பெயரில் "மாற்ற" முயலக் கூடாது என்று உத்தரவிட்டார். படித்த நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார். நமக்கு என்ன வெட்கம்?

"ஊரில் தலைகாட்ட முடியாதே" என்கிறார்கள் தாய்மார்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தையும் ஊர் பழித்தது. 1967-இல் அண்ணாவின் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. பழித்த குடும்பங்களில் பலவும் இன்று அப்படித்தான் மணமுடிக்கின்றன.

உரிமை என்றால் எதுவும் செய்யலாம் என்பதல்ல. வற்புறுத்தலும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடுவதும் குற்றம். அங்கே சங்கம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும்.

ஆகவே ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். வயது வந்த எவரையும் பிடித்துவரச் சங்கம் ஆள் அனுப்பாது. பெற்றோர் வந்தால் உட்காரவைத்துப் பேசுவோம். வெளியேறிய பிள்ளை வந்தால் இரவு தங்க இடமும் ஒரு வேளைச் சோறும் கொடுப்போம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். வாழ்வுக்காக வீட்டைவிட்டு வந்தவரின் வலி நமக்குத் தெரியாதா? கைதூக்கி ஆதரியுங்கள்.