சூனியக்காரி என்று பெயர் வைத்தது யார்?



இடைக்கால ஐரோப்பா என்றதும் சூனியக்காரிகளை எரித்த தீதான் நமக்கு ஞாபகம் வருது. ஆயிரம் வருசமும் அந்தத் தீ எரிஞ்சுக்கிட்டே இருந்த மாதிரி நினைக்கிறோம். அப்படி இல்லை. பல நூற்றாண்டுகள் திருச்சபை வேறு மாதிரிதான் பேசியது.

785 வாக்கில் சார்லமேன், தான் அடக்கிய சாக்சன் மக்களுக்குச் சட்டம் போட்டான். ஒருவரைச் சூனியக்காரர் என்று நம்பி எரித்தால், எரித்தவனுக்கு மரண தண்டனை. லியோன் நகர பிஷப் அகோபார்த், மந்திரத்தால் ஆலங்கட்டி மழை வரும் என்ற நம்பிக்கையை மறுத்து நூலே எழுதினார். 1080இல் போப் ஏழாம் கிரகோரி, புயலுக்கும் நோய்க்கும் பெண்கள்மேல் பழிபோட்டுக் கொடுமை செய்யாதே என்று டென்மார்க் அரசனுக்குக் கடிதம் எழுதினார்.

இதை வெறும் கருணைன்னு எடுத்துக்க முடியாது. மந்திரம் எது, செபம் எது என்று பிரிக்கிற அதிகாரத்தைச் சபை தன் கையிலேயே வைத்திருந்தது. 11ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஏடு ஒன்றில் விளையாத நிலத்துக்கு ஒரு சடங்கு இருக்கு. வயலின் நாலு பக்கமும் புல்லோடு மண்கட்டி பெயர்த்து, எண்ணெய், தேன், பால் எல்லாம் சேர்த்து, கோயிலுக்குக் கொண்டுபோகணும். பச்சைப் பக்கம் பீடத்தைப் பார்த்திருக்க, பாதிரியார் நாலு பூசை பாடணும். இது செபம்! அதே நூற்றாண்டில் வோர்ம்ஸ் பிஷப் புர்க்கார்த் எழுதிய பாவ விசாரணைக் கேள்விகளைப் பாருங்க. விசுவாசப் பிரமாணமும் கர்த்தர் கற்பித்த செபமும் சொல்லாமல், வேறு மந்திரம் சொல்லி மூலிகை பறித்தாயா? அது பாவம். பச்சிலை ஒன்றுதான். யாருடைய சொல் என்பதுதான் கேள்வி.

14ஆம் நூற்றாண்டில் அந்தக் கேள்வி உயிரையே கேட்டது. அயர்லாந்தில் கில்கென்னி நகரம், 1324. ஆலிஸ் கைட்லர் வசதியான பெண்மணி, நாலு முறை மணமானவர். சூனியத்தால் சொத்தைப் பறித்தாள் என்று முந்தைய கணவர்களின் பிள்ளைகள் புகார். பிஷப் ரிச்சர்ட் லெட்ரெட் அதைப் பிசாசோடு கூடிய மதத்துரோகம் என்று வழக்காக்கினார். ஆலிசுக்குப் பெரிய இடத்து உறவு இருந்தது. தப்பிப் போய்விட்டார். மகன் வில்லியமுக்குத் தண்டனை, கோயில் கூரைக்கு ஈயம் வேய்ந்து கொடுக்கணும். கையில் காசு இருந்தது, கொடுக்க ஒப்புக்கொண்டான்.

வேலைக்காரி பெத்ரோனில்லாவிடம் என்ன இருந்தது? உடம்பு மட்டும்தான். ஆறு முறை சாட்டையால் அடித்தார்கள். அவர்கள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டாள். நவம்பர் 3 அன்று எரித்தார்கள்.

அவள் சொன்னதாக நம்மிடம் இருப்பதும் பிஷப் பக்கத்து ஆள் லத்தீனில் எழுதிவைத்ததுதான். அதில் எது பெத்ரோனில்லாவின் சொல், எது சாட்டையின் சொல்?

பிறகு என்னாச்சு? 1480களில் ஹைன்ரிச் கிராமர் என்ற தொமினிக்கன் துறவி 'சூனியக்காரிகளின் சம்மட்டி' எழுதினார். சூனியம் இல்லை என்பவனே சந்தேகத்துக்குரியவன் என்றார். எந்த நம்பிக்கையைப் பாவம் என்றார்களோ, அதை நம்பாததே பாவமாச்சு! பெரும் வேட்டைகள் நடந்தது இடைக்காலம் முடிந்த பிறகு, 16, 17ஆம் நூற்றாண்டுகளில். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் இரண்டு தரப்பும் எரித்தார்கள்.

ஆகவே தோழர்களே, மந்திரம் உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவன் யார், ஏட்டில் எழுதியவன் யார், ஈயம் கொடுத்துத் தப்பியவன் யார், எரிந்தவள் யார் என்று கேளுங்க. பெத்ரோனில்லா என்ற பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.