கதவுள்ள கடல்
(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உலக வரைபடப் பயிற்சியில் நாம் தவறாமல் கேட்கும் இடங்களில் ஒன்று கருங்கடல். மாணவர்களும் சரியான இடத்தில் பெயரெழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணோடு விட்டுவிடக் கூடாத கடல் அது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் அமைவிடம். துருக்கி, பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா ஆகிய ஆறு நாடுகள் சூழ்ந்த கடல் இது. பரப்பளவு ஏறத்தாழ 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆழம் சில இடங்களில் 2,200 மீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய கடலுக்கு வெளியே செல்ல இயற்கையான வழி ஒன்றே ஒன்றுதான். அது இஸ்தான்புல் நகரின் நடுவே ஓடும் போஸ்போரஸ் நீர்ச்சந்தி. நீளம் சுமார் 31 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர்தான். அதைக் கடந்தால் மர்மரா கடல், பிறகு டார்டனெல்ஸ் நீர்ச்சந்தி, அதன்பின் ஏஜியன் கடல், மத்தியதரைக் கடல். வீட்டுக்கு ஒரே வாசல் என்றால், அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் யாரும் போய்வர முடியாது அல்லவா? கருங்கடலின் வரலாறு முழுவதும் இந்த வாசலின் வரலாறுதான்.

வரலாற்றுக்குப் போகும் முன் அறிவியலைக் கொஞ்சம் பார்ப்போம். டான்யூப், நீஸ்டர், நீப்பர் ஆகிய பெரிய ஆறுகள் இக்கடலில் நன்னீரைக் கொட்டுகின்றன. டான் ஆறு அசோவ் கடல் வழியாக வந்து சேர்கிறது. அதனால் மேல்மட்ட நீரின் உவர்ப்பியம் ஆயிரத்துக்குப் பதினெட்டு அளவில்தான் இருக்கிறது. பெருங்கடல்களில் இது முப்பத்தைந்து. உப்புக் குறைந்த, எடை குறைந்த நீர் போஸ்போரஸின் மேற்பரப்பில் வெளியே ஓடுகிறது. மத்தியதரைக் கடலின் உப்பு மிகுந்த நீர் அடியில் உள்ளே வருகிறது. ஒரே வாசலில் எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டங்கள்! அங்குள்ள மீனவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் லூயிஜி மார்சிலி என்ற இத்தாலியர் அதை அளந்து பார்த்து, தொட்டி ஒன்றில் சோதனை செய்து விளக்கி, 1681இல் நூலாக வெளியிட்டார்.

இதை நம் வகுப்பறையிலேயே காட்டலாம். கண்ணாடி டம்ளரில் பாதியளவு சாதாரண நீர். இன்னொரு டம்ளரில் நான்கைந்து கரண்டி உப்பு கரைத்த நீர். அதில் கொஞ்சம் நீல மை. உப்பு நீரை டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். நீல நீர் அடியில் போய்த் தங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

கருங்கடலிலும் இப்படித்தான் இரண்டு அடுக்குகள். அவை எளிதில் கலப்பதில்லை. அதனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கீழே போய்ச் சேர்வதில்லை. சுமார் 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்திருக்கிறது. அங்கே மீன் வாழ முடியாது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் வாழ முடியாது. ஆகவே மூழ்கிய மரக்கப்பல்கள் அழியாமல் கிடக்கின்றன. பல்கேரியக் கரைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 2,400 ஆண்டுகள் பழமையான கிரேக்கக் கப்பல் பாய்மரத் தண்டோடு கிடப்பதை ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தார்கள்.

அந்தக் கிரேக்கர்கள் முதலில் இக்கடலை ‘விருந்தோம்பாத கடல்’ என்றார்கள். கரையெங்கும் குடியேறிய பின் ‘விருந்தோம்பும் கடல்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஏதென்ஸ் நகரம் உண்ட தானியத்தில் பெரும்பகுதி இக்கடலின் வடகரையிலிருந்து போயிற்று. கி.மு. 405இல் டார்டனெல்ஸ் பகுதியில் ஸ்பார்ட்டா ஏதென்ஸின் கடற்படையை அழித்தது. தானிய வழி அடைபட்டது. அடுத்த ஆண்டே பசியால் ஏதென்ஸ் பணிந்தது. 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மத், அதற்கு முந்தைய ஆண்டே போஸ்போரஸின் குறுகிய இடத்தில் கோட்டை கட்டினார். முதலில் வாசல், பிறகுதான் நகரம். இன்று அந்த வாசலை 1936ஆம் ஆண்டின் மான்ட்ரோ உடன்படிக்கைப்படி துருக்கி நிர்வகிக்கிறது.

2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்நாட்டுத் துறைமுகங்கள் முடங்கின. கோதுமையும் சூரியகாந்தி எண்ணெயும் வெளியே வர முடியவில்லை. நம் நாடு சூரியகாந்தி எண்ணெயைப் பெரும்பாலும் உக்ரைனிலிருந்தே வாங்கிவந்தது. நம் ஊர் மளிகைக் கடையில் எண்ணெய் விலை ஏறியது நினைவிருக்கும். அங்கே மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் பாதியில் திரும்பியதும் நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் முன்நின்று தானியக் கப்பல்களுக்கு ஒரு பாதை திறந்தன. மறு ஆண்டு ஜூலையில் அந்த ஏற்பாடு முடிந்துபோனது. கி.மு. 405இல் நடந்ததும் 2022இல் நடந்ததும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் இல்லையா?

போர் மட்டுமே அக்கடல் அல்ல. இஸ்தான்புல்லில் படகேறினால் சற்று நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடலாம். துருக்கியின் ரீசே மலைச்சரிவுகளில் நம் நீலகிரி போலத் தேயிலைத் தோட்டங்கள். டிராப்சோனுக்கு அருகே செங்குத்துப் பாறையில் ஒட்டிவைத்தது போல சுமேலா மடாலயம். பல்கேரியாவின் வர்னா அருங்காட்சியகத்தில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பொன்னணிகள். ருமேனியாவில் கூழைக்கடாக்கள் கூடும் டான்யூப் கழிமுகம். ஒடேசாவின் 192 படிகளில் பயணிகள் கவலையின்றி இறங்கும் நாள் மீண்டும் வர வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த வரைபடப் பயிற்சியில் கருங்கடலைக் குறித்த பிறகு, ‘இங்கிருந்து ஒரு எண்ணெய்க் கப்பல் சென்னைக்கு எந்தெந்த வழியாக வரும்?’ என்று கேளுங்கள். போஸ்போரஸ், டார்டனெல்ஸ், சூயஸ் கால்வாய், பாப்-எல்-மாண்டப் என்று பிள்ளைகளின் விரல் வாசல் வாசலாக நகரும். எந்த வாசல் மூடினால் நமக்கு என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அப்போது அவர்கள் சொல்லும் பதில்களை அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.