தம் கப்பலைத் தாமே மூழ்கடித்தவர்கள்



இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் இடத்துக்கு முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். அதற்கு அப்பால், மலாக்கா நீரிணையில், 1946-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மியோகோ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலைப் பிரிட்டிஷார் இழுத்துச் சென்று மூழ்கடித்தார்கள். வென்றவன் தோற்றவனுடைய கப்பலை மூழ்கடிப்பதில் வியப்பில்லை. தோற்றவனே தன் கப்பல்களைத் தன் கையாலேயே, அதுவும் ஒரே நாளில் 52 கப்பல்களை, மூழ்கடித்த கதையும் உண்டு. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே உள்ள பரந்த நீர்ப்பரப்புக்கு ஸ்காப்பா ஃப்ளோ என்று பெயர். முதலாம் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தபின், ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சண்டை நின்றதே தவிர, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. கப்பல்கள் யாருக்கு என்று வென்ற நாடுகள் பேரம் பேசிக்கொண்டிருந்தன.

கப்பலில் இருந்தவர்களின் நிலையைக் கேளுங்கள். கரையில் கால் வைக்க அனுமதி கிடையாது. சாப்பாடு ஜெர்மனியிலிருந்துதான் வரவேண்டும். அது அலுத்துப்போனபோது மீனையும் கடற்பறவையையும் பிடித்துத் தின்றார்கள். ஏழு மாதம் இப்படியே கழிந்தது.

தளபதி லுட்விக் ஃபொன் ராய்ட்டருக்கு உலக நடப்பைச் சொன்னது செய்தித்தாள்தான். அதுவும் கைக்கு வரும்போது நான்கு நாள் பழையதாகியிருக்கும். 1919 ஜூன் 21-ஆம் தேதியோடு கெடு முடிகிறது, அதன் பிறகு கப்பல்களைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று அவர் எண்ணினார். உண்மையில் கெடு இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அன்று காலை, காவலுக்கு நின்ற பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் பயிற்சிக்காக வெளிக்கடலுக்குப் போய்விட்டன. ராய்ட்டர் சைகை கொடுத்தார். கடல்நீர் உள்ளே வரும் அடைப்புகளைத் திறந்துவிட்டு, மறுபடி மூடமுடியாதபடி கைப்பிடிகளைக் கடலில் வீசினார்கள்.

அன்று ஸ்ட்ரொம்னெஸ் என்னும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாக ஒரு சிறு கப்பலில் வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே மலைபோன்ற கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மாலை ஐந்து மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. தடுக்க வந்த காவலர்கள் சுட்டதில் ஜெர்மானியர் ஒன்பது பேர் மாண்டார்கள். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூன் 28-ஆம் தேதி. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அந்த ஒன்பது பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

பிறகு அந்த இரும்பு என்னவாயிற்று? எர்னஸ்ட் காக்ஸ் என்னும் பழைய இரும்பு வியாபாரி, 1924-இல் மூழ்கிய கப்பல்களை விலைக்கு வாங்கினார். அதுவரை ஒரு படகைக்கூட அவர் தூக்கியதில்லை! முதலில் சங்கிலிகளைக் கட்டிச் சிறிய நாசகாரிக் கப்பல்களைத் தூக்கினார். பெரியவை தலைகீழாகக் கிடந்தன. தொழிலாளர்கள் அவற்றின் வயிற்றுக்குள் இறங்கி, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பிறகு காற்றைச் செலுத்த, கப்பல் மெல்ல மேலே வந்தது. இருட்டும் குளிரும் போதாதென்று, உள்ளே தங்கிய அழுகல் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1926-இல் நிலக்கரி வேலைநிறுத்தம் வந்தபோது, சைட்லிட்ஸ் என்னும் கப்பலுக்குள் கிடந்த கரியையே அள்ளி இயந்திரங்களை ஓட்டினார்கள். எதிரி சேர்த்துவைத்த கரி இப்படியும் உதவியது. இவ்வளவு பாடுபட்டும் காக்ஸுக்குக் கடைசியில் நஷ்டம்தான் என்பார்கள்.

அவருக்குப் பின் வேறொரு நிறுவனம் 1939 வரை அந்த வேலையைத் தொடர்ந்தது. கடைசியாகத் தூக்கிய டெர்ஃப்லிங்கர், அடுத்த உலகப் போர் முழுவதும் தலைகீழாகவே மிதந்துகொண்டிருந்தது.

மூன்று பெரிய போர்க்கப்பல்களும் நான்கு சிறிய குரூசர்களும் இன்னும் அடியில் கிடக்கின்றன. 1945-க்குப் பிறகு உருக்கிய எஃகில் அணுகுண்டின் கதிர்வீச்சுச் சுவடு காற்றோடு கலந்துவிட்டதால், நுட்பமான கருவிகளுக்காக இந்தப் பழைய எஃகைச் சிறிது சிறிதாக வெட்டி எடுத்ததும் உண்டு. இப்போது இந்த ஏழும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம், எதையும் எடுத்துவரக்கூடாது.

அன்று சுடப்பட்டு இறந்தவர்களின் கல்லறைகள் அருகிலுள்ள ஹோய் தீவில், லைனெஸ் மயானத்தில் இருக்கின்றன.