வெண்கலப் பதக்கமும் மெய்ம்மைச் சோதனையும்

 

உரோம நாணயம் என்றதும் நம் நினைவு கரூருக்கும் கோவைக்கும் செல்வது இயல்பே. யவன வணிகத்தால் வந்த பொற்காசும் வெள்ளிக்காசும் அப்பகுதிகளில் கிடைத்துள்ளன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ, கடைவீதியில் புழங்கிய காசு அன்று. உரோமப் பேரரசர்கள் தமக்கு வேண்டியோர்க்குப் பரிசாக வழங்கிய வெண்கலப் பதக்கம். அது மிக அரிது. ஆதலின் போலிகளும் பல.

எடுத்துக்காட்டாகக் கொம்மோடஸ் என்னும் பேரரசனின் பதக்கத்தைக் கொள்வோம். கி.பி. 192-ஆம் ஆண்டின் இறுதி நாளில் கொலையுண்ட இவன், தன்னை ஹெர்க்குலிஸ் என்னும் வீரத் தெய்வமாகவே காட்டிக்கொண்டான் என்று, அவன் காலத்து ஆட்சிமன்ற உறுப்பினராகிய காசியஸ் டியோ எழுதினார். பகைவர் கட்டிய கதையோ என நாம் ஐயுறலாம். ஆனால் அவ்வாண்டுப் பதக்கங்கள் சில, சிங்கத்தோலைத் தலையில் அணிந்த அவன் முகத்தையே காட்டுகின்றன. பின்புறத்தில் ‘உரோம ஹெர்க்குலிசுக்கு’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர் உள்ளது. அரசன் தானே தந்த வாக்குமூலம் அது! அச்சான்று போலியாயின், வரலாற்றில் பொய் புகுந்துவிடும் அன்றோ?

மெய்ம்மை காண்பது எங்ஙனம்? முதலில் எழுத்தைப் படித்தல் வேண்டும். அரசனின் பதவிகள் ஆண்டெண்களோடு பொறிக்கப்படுவன. எண்ணும் உருவமும் ஒரே காலத்தைக் குறித்தல் வேண்டும். அடுத்து, செய்த முறையை நோக்குக. உரோமர், இரண்டு அச்சுக்களின் இடையே உலோக வில்லையை வைத்து அடித்தனர். போலிகளோ பெரும்பாலும் வார்ப்புக்கள். வார்ப்பில் நுண்ணிய குமிழித் துளைகள் தோன்றும். எழுத்தின் ஓரம் மழுங்கும். விளிம்பில் அரத்தால் அராவிய தடம் தெரியும்.

அடித்துச் செய்த போலிகளும் உண்டு. இத்தாலியில் பதுவா நகரத்தில் 1500 முதல் 1570 வரை வாழ்ந்த ஜொவான்னி தா கவீனோ, உரோமர் பாணியில் தாமே அச்சு வெட்டிப் பதக்கங்கள் செய்தார். பின்வந்தோர் பலர் அவற்றைப் பழையன என்றே நம்பினர். அவருடைய அச்சுக்கள் பல பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ளன; ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். அவர் பதக்கங்களில் வட்டம் மிகச் சீரானது. எழுத்து ஒரே அளவினது. தகடு பெரும்பாலும் மெலிது. அந்த அளவுகடந்த ஒழுங்கே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது!

களிம்பும் ஒரு சான்றே. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் பச்சை, உலோகத்தோடு ஒன்றியிருக்கும். பூசிய பச்சை ஊசிமுனை பட்டாலே எளிதில் உதிரும்.

ஆதலின் அன்பர்களே, நும் இல்லத்துப் பெட்டியில் பாட்டனார் வைத்துச்சென்ற பழங்காசு ஒன்று இருப்பின், அதனைப் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள்! துலக்கினால் காசு மின்னும், சான்று அழியும். எடையையும் கிடைத்த இடத்தையும் குறித்து வைத்து, அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். அரிய பொருள் என்று ஆசைப்படும் உள்ளமே முதலில் ஏமாறும். பழமையைப் போற்றுவோர்க்குப் பொய்ப்பழமையை விலக்கும் கடமையும் உண்டு என்று கூறி அமைகின்றேன்.