திரையில் ஓட்டிய கார்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பிள்ளைங்க வீடியோ கேம் விளையாடினா நாம திட்டத்தான் செய்கிறோம். பிரிட்டனில் மார்டன்பரோ என்று ஒரு பையன். சின்ன வயசிலேயே கார் பந்தய வீரனாகணும்னு ஆசை. அதுக்கு ஆகும் செலவைக் குடும்பம் தாங்காது. ஆசையை விட்டுவிட்டான். ஆனால் 'கிரான் டூரிஸ்மோ' என்ற கார் பந்தய கேமை மட்டும் விடவில்லை. வளைவில் எங்கே பிரேக் போடணும், எப்படித் திருப்பணும் எல்லாம் அதில் நிஜப் பந்தயம் மாதிரியே இருக்குமாம்.

2011-ல் நிசானும் சோனியும் சேர்ந்து அந்த கேமிலேயே போட்டி வைத்தார்கள். சுமார் 90,000 பேர் கலந்துகொண்டார்கள். நன்றாக ஆடியவர்களை நிஜக் காரில் ஓட்டவிட்டுச் சோதித்து, இவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போ வயசு 19. 2013-ல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இவன் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம்!

கேம் மட்டும் போதுமா? போதாது. காரும் பயிற்சியும் கம்பெனி கொடுத்தது. 90,000 பேரில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கலியே.

என் மகள் பணம் கட்ட முடியாமல் சிவில் டிப்ளமோவைப் பாதியில் விட்டவள். இப்போ செல்லில் 'மைன்கிராஃப்ட்' கேமில் வீடு வீடாகக் கட்டுகிறாள். "இதுல என்னடி இருக்கு?" என்று கேட்டேன். "மறுபடி படிக்கட்டுமாம்மா?" என்றாள். இந்த மாதம் குழுவில் படிப்புக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.